இயல் 6: காற்றும் வெயிலும் காட்டும் இடம் – சென்னை விமான நிலையத்தில் விமானம் நோக்கல்

விமானம் நோக்கல் என்பது ஒரு நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களின் வகையையும் நிறுவனத்தையும் பதிவெண்ணையும் கண்டறிந்து குறித்துக்கொள்வதும், இயன்றவரை அவற்றைத் தெளிவாகப் படமெடுத்து வைப்பதும் ஆகும். இதில் புதிதாக ஈடுபடுவோர் பெரும்பாலும் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றனர்; அந்தக் கேள்விக்கும் விடை உண்டெனினும், அதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியவை வேறு இரண்டு. இன்று விமானங்கள் ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்கும் என்பது ஒன்று. அந்த நேரத்தில் வெயில் விமானத்தின் எந்தப் பக்கத்தில் விழும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கணித்துவிட்டவர் சாதாரணக் கருவியோடும் நல்ல படத்துடன் திரும்புவார். கணிக்காதவர் விலையுயர்ந்த லென்ஸோடு தவறான பக்கத்தில் நின்றுகொண்டு, தொலைவில் எதிர்த்திசையில் ஏறிச் செல்லும் வால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மீனம்பாக்கத்திலுள்ள சென்னை விமான நிலையத்தில் பருவக்காற்றும் சூரியனின் போக்கும் ஒன்றையொன்று தழுவியே மாறுவதால், இக்கணிப்பைப் பழகுவதற்கு அது மிகப் பொருத்தமான இடமாக அமைகிறது.

ஓடுபாதையும் காற்றும்

சென்னை நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. முதன்மையானது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காகக் கிடப்பது. அதைவிடக் குறுகிய இரண்டாவது, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்வது. அதன் ஒரு பகுதி அடையாற்றின் மீது கட்டப்பட்ட பாலத்தின் மேல் அமைந்திருக்கிறது. ஓடுபாதைகளுக்கு இடப்படும் எண்கள், அவற்றில் ஓடும் விமானம் நோக்கும் திசையைக் காந்தத் திசைமானியின் பாகைகளில் அளந்து, பத்தால் வகுத்து, முழு எண்ணாக்கிப் பெறப்படுபவை. ஆகவே முதன்மை ஓடுபாதையில் கிழக்கு நோக்கி ஓடும் விமானம் 07 என்ற எண்ணையும், அதே பாதையில் மேற்கு நோக்கி ஓடும் விமானம் 25 என்ற எண்ணையும் பயன்படுத்துவதாகக் கொள்ளப்படும். இரண்டாவது பாதைக்கு இவ்வாறே 12, 30 என்ற எண்கள் வழங்குகின்றன. நோக்கர்கள் 'இன்று இருபத்தைந்து' என்று சுருக்கமாகச் சொன்னால், விமானங்கள் கிண்டி, ஆலந்தூர்ப் பக்கமிருந்து இறங்கி, மேற்கு நோக்கி ஏறிச் செல்கின்றன என்பது பொருள். 'சைபர் ஏழு' என்றால், அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பக்கமிருந்து இறங்குகின்றன என்பது பொருள்.

எந்த எண் பயன்படும் என்பதைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. எதிர்காற்றில் ஏறுவதும் இறங்குவதும் இறக்கைகளின் மேல் பாயும் காற்றின் வேகத்தைக் கூட்டி, தரையில் தேவைப்படும் ஓட்டத்தைக் குறைப்பதால், விமானங்கள் காற்று வரும் திசையை நோக்கியே இயக்கப்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மேலைக்காற்று ஓங்கியிருப்பதால் 25 மிகுதியாகப் பயன்படுவதும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் 07 மிகுதியாகப் பயன்படுவதும் இதனாலேயே. எனினும் சென்னையின் கோடையை அறிந்தவர்களுக்கு இந்தப் பொது விதி போதாது. வங்கக் கடல் அருகிலிருப்பதால், காலையில் தரையிலிருந்து வீசும் மேலைக்காற்று நண்பகலுக்குப் பின் ஓய்ந்து, கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று நுழைவது வழக்கம். அது நுழைந்த சிறிது நேரத்தில், அதுவரை 25-ல் நடந்த போக்குவரத்து 07-க்குத் திருப்பப்படுவதும் உண்டு. காலையில் கிழக்கு முனையருகே இடம்பிடித்த நோக்கர், பிற்பகலில் தலைக்கு மேலே எதுவும் இறங்கி வராததைக் கண்டு திகைப்பது இந்த மாற்றத்தை எதிர்பாராததால்தான். மேலைக்காற்று கடுமையாக இருக்கும் நாட்களில் கடற்காற்று மாலைவரை தாமதப்படுவதும், சில நாட்களில் நுழையாமலே போவதும் உண்டு என்பதால், கடிகாரத்தை நம்புவதைவிடக் காற்றைக் கவனிப்பதே நலம்.

காற்றை அறிய மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கை உதவும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடப்படும் இக்குறியீட்டு அறிக்கையில் சென்னையின் அடையாளம் விஓஎம்எம் என்ற நான்கெழுத்தாகும். பயணச்சீட்டில் காணப்படும் எம்ஏஏ என்பது வணிகப் பயன்பாட்டுக்கான வேறு குறியீடு. அறிக்கையில் நேரத்துக்கு அடுத்து வரும் ஐந்து இலக்கங்களில் முதல் மூன்றும் காற்று வரும் திசையைப் பாகையிலும், பின்னிரண்டும் அதன் வேகத்தை நாட் என்ற அலகிலும் குறிக்கின்றன. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே 25012 என்று இருந்தால், மேற்குத் தென்மேற்கிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்பதும், 25 பயன்பாட்டில் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதும் தெளிவாகும். மெட்டாரின் திசை உண்மை வடக்கையும், ஓடுபாதை எண் காந்த வடக்கையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆயினும் சென்னையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியதாதலின், நோக்கர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஃபிளைட்ரேடார்24 போன்ற கைப்பேசிச் செயலிகள் இக்கணிப்பைச் சரிபார்க்கப் பயன்படும். விமானங்கள் தம் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையறாது ஒலிபரப்புகின்றன. தரையிலுள்ள ஏற்பிகள் அவற்றைத் திரட்டி அனுப்ப, செயலிகள் வரைபடத்தில் காட்டுகின்றன. கடைசியாக இறங்கிய இரண்டு மூன்று விமானங்களின் தடத்தைப் பார்த்தாலே பயன்பாட்டிலுள்ள முனை தெரிந்துவிடும். ஆனால் காற்று மாறப்போவதை முன்கூட்டிச் சொல்ல அவற்றால் இயலாது. நடந்ததை மட்டுமே அவை காட்டும்.

வெயிலின் பக்கம்

விமானத்தின் மூக்கும், கேமராவை நோக்கியிருக்கும் பக்கமும் வெயிலில் இருப்பதே நல்ல படத்துக்கு அடிப்படை. சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும் என்ற பொது அறிவுரை, வட நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளில் 'ஓடுபாதைக்குத் தெற்கே நிற்க' என்று சுருக்கப்படுவதுண்டு. சென்னைக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு. நகரம் வட அட்சம் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அக்காலத்தில் உதயமும் மறைவும் கூடக் கிழக்கு, மேற்குத் திசைகளிலிருந்து வடக்கே விலகியே நிகழ்கின்றன. எனவே கோடையிலும் தென்மேற்குப் பருவக்காலத்தின் முற்பகுதியிலும் ஓடுபாதைக்கு வடக்கே நிற்பவருக்கும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே நிற்பவருக்கும் வெயில் துணைசெய்கிறது.

இதைக் காற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இடத்தேர்வு தெளிவடைகிறது. பரங்கிமலை, அதாவது புனித தோமையார் மலை, முதன்மை ஓடுபாதையின் கிழக்கு முனைக்கு வடகிழக்கே, இறங்குவழிக்குச் சற்று வடக்கில், ஏறத்தாழ 300 அடி உயரத்தில் நிற்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் மேலைக்காற்று நீடிக்கும் பிற்பகல்களில், 25-ல் இறங்கும் விமானம் மேற்கு நோக்கி வர, வடமேற்காகச் சாயும் சூரியன் அதன் மூக்கையும் வடப்பக்கத்தையும் ஒருசேர ஒளியூட்டுகிறது. மலையிலிருப்பவர் பார்ப்பதும் அதே வடப்பக்கத்தைத்தான். டிசம்பரில் நிலைமை நேர்மாறு. மலையிலிருந்து தெற்கு நோக்கினால் சூரியன் எதிரே நிற்பதால், விமானங்கள் கருநிழல் வடிவங்களாகவே பதியும். அப்போது போக்குவரத்தும் 07-க்கு மாறியிருக்குமாதலின், மேற்குப் புறத்தில், அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பகுதிகளில் இறங்குவழிக்குத் தெற்கேயுள்ள பொதுத் தெருக்களே ஏற்றவை. தென்கிழக்கில் ஏறிவரும் காலைச் சூரியன் கிழக்கு நோக்கி வரும் விமானத்தின் மூக்கையும் தென்பக்கத்தையும் காட்டும். பருவம் மாறும்போது நோக்கரும் ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குடிபெயர வேண்டும் என்பதே இதன் சாரம்.

எவ்வளவு தொலைவில் நின்றால் விமானம் எவ்வளவு உயரத்தில் வரும் என்பதையும் எளிதில் கணக்கிடலாம். வழக்கமான இறங்குவழி தரையோடு மூன்று பாகைக் கோணம் கொண்டது. அதாவது சக்கரம் தரைதொடும் இடத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் தொலைவுக்கும் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர் கூடுகிறது. தரைதொடும் இடம் ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உள்ளே இருப்பதையும் சேர்த்துக்கொண்டால், முனையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவரின் தலைக்கு மேல் விமானம் 70 மீட்டரை ஒட்டிய உயரத்தில் செல்லும் என்பது பெறப்படும். பரங்கிமலை உச்சியில் நிற்பவருக்கு இறங்கும் விமானங்கள் ஏறக்குறையக் கண்மட்டத்தில் கடந்துபோவதும் இக்கணக்கினால்தான். அடிவயிற்றை மட்டும் காட்டும் தெருப் படங்களுக்கும் மலைப் படங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கே பிறக்கிறது.

கேமராவின் அமைவுகள்

தெருவிலிருந்து எடுப்பதற்கு 70–300 மில்லிமீட்டர் லென்ஸும், மலையிலிருந்து ஓடுபாதை வரை எட்டுவதற்கு 100–400 மில்லிமீட்டர் லென்ஸும் பெரும்பாலும் போதும். அப்பர்சர், அதாவது லென்ஸின் துளையளவு, எஃப்/8 அருகே இருந்தால் விமானத்தின் நீளம் முழுவதும் கூர்மை கிடைக்கும். தொடர்குவியம் எனப்படும், நகரும் பொருளைப் பின்தொடர்ந்து குவியத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும் வசதியை இயக்கிவைப்பது இன்றியமையாதது.

ஷட்டர் வேகத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகின்றனர். இறங்கும் ஜெட் விமானம் ஏறத்தாழ 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், நொடிக்கு 72 மீட்டர் கடக்கிறது; நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் அது ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமராவையும் விமானத்தோடு ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே எடுத்தால் இந்நகர்வு மறைந்துவிடுமாதலின், ஜெட் விமானங்களுக்கு 1/1000 அல்லது அதைவிட விரைவான வேகம் பாதுகாப்பானது. உந்துவிசிறி கொண்ட விமானத்துக்கு அதே வேகத்தை வைத்தால், விசிறிகள் உறைந்து நின்று, விமானம் பொம்மைபோல் வானில் தொங்கும். ஏடிஆர் 72-600 விமானத்தின் ஆறு அலகு விசிறி புறப்படும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்றுகள், அதாவது நொடிக்கு 20 சுற்றுகள் சுழல்கிறது. 1/1000 நொடியில் அது திரும்புவது ஏழு பாகை மட்டுமே. அலகுகளுக்கிடையேயுள்ள இடைவெளி 60 பாகையாதலால், ஒரு முழு வட்டம் பதிய வேண்டுமெனில் 1/125 அளவுக்கு இறங்க வேண்டும். அவ்வேகத்தில் கையசைவு படத்தைக் கெடுப்பது எளிது. ஆகவே 1/250-ல் தொடங்கி, கை பழகப் பழகக் குறைத்துக்கொண்டு போவதே நடைமுறைக்கு ஒத்தது. தூத்துக்குடி போன்ற தமிழக நகரங்களுக்குச் செல்லும் ஏடிஆர் விமானங்கள் சென்னையில் நாளும் வந்துபோவதால், பயிற்சிக்குப் பஞ்சமில்லை.

கானலைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஓடுபாதையின் தார்ப்பரப்பு சூடேறியதும், அதன் மேலுள்ள காற்று அடுக்குகள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், தொலைவிலுள்ள விமானத்தின் விளிம்புகள் நெளிந்து பதிகின்றன. எந்த லென்ஸாலும், எந்த மென்பொருளாலும் இதைத் திருத்த முடியாது. அருகில் சென்று எடுப்பது, விடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் எடுப்பது, மழை பெய்து ஓய்ந்தபின் எடுப்பது ஆகியவை மட்டுமே வழிகள். கோடையில் காலை ஒன்பது மணிக்குப் பின் தரையிலோடும் விமானங்களை மலையிலிருந்து எடுக்க முயல்வது பெரும்பாலும் வீண்முயற்சி. மாறாக, வடகிழக்குப் பருவக்காலத்தின் ஈரம் நோக்கருக்குக் கொடையாகிறது: காற்றில் ஈரம் மிகுந்திருக்கையில் இறக்கையின் மேற்பரப்பிலும் மடிப்பிறக்கைகளின் ஓரங்களிலும் அழுத்தம் குறைந்து குளிர்வதால் வெண்புகைபோன்ற ஆவித்திரள் தோன்றி மறையும்; நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் பின்னே நீர்த்திவலைகள் எழும்பும். குடையோடு நிற்கும் பொறுமையுள்ளவர்களுக்கே இப்படங்கள் வாய்க்கின்றன.

வகையறிதல்

சென்னையின் பகல் வானில் மிகுதியாகக் காணப்படுபவை ஏர்பஸ் ஏ320 குடும்பமும் போயிங் 737 குடும்பமும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பாடம். 737-ன் செங்குத்து வால், உடலோடு சேருமிடத்தில் ஒரு முறிவுடன் முன்னோக்கிச் சரிந்திருக்கும்; அதன் முதன்மைச் சக்கரங்களுக்கு முழுமூடி இல்லாததால், மேலேறிய பின்னும் அவை வயிற்றில் வட்டமாகத் தெரியும். ஏ320-ன் வால் உடலிலிருந்து நேராக எழும்; மூக்கு உருண்டது. 737 குடும்பத்துக்குள் மேக்ஸ் வகையை, எஞ்சின் உறையின் பின்விளிம்பில் உள்ள அரம்போன்ற பற்களாலும், மேலும் கீழுமாகப் பிளந்த இறக்கை நுனியாலும் அறியலாம். பெருவிமானங்களில் போயிங் 787-க்கும் எஞ்சின் உறையில் அத்தகைய பற்கள் உண்டு. ஏர்பஸ் ஏ350-ன் விமானி அறைச் சன்னல்களைச் சுற்றிக் கண்மூடிபோன்ற கருநிறப் பட்டை ஓடும். போயிங் 777-ன் முதன்மைச் சக்கரத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரங்கள் இருக்கும். அயல்நாட்டுப் பெருவிமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வந்துபோவதால், பகல் வெளிச்சத்தில் கிடைக்கும் சிலவற்றை நேர அட்டவணையில் முன்பே குறித்துவைப்பது அவசியம். அட்டவணைக்கு வெளியே வரும் விருந்தாளிகளும் உண்டு. 2022 ஜூலையில், திமிங்கிலம் போன்ற உருவமுடைய ஏர்பஸ் பெலுகா சரக்கு விமானம் எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கியது.

பதிவெண்ணின் முன்னொட்டு விமானம் பதிவான நாட்டைக் காட்டும்: விடி என்பது இந்தியா, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, ஏ6 ஐக்கிய அரபு அமீரகம். உடலின் பின்பகுதியில் எழுதப்பட்டிருக்கும் இவ்வெண் படத்தில் படிக்க முடியாமற்போனால், முன்சக்கர மூடியில் அதன் கடைசி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்கலாம்.

சட்டத்தின் எல்லை

இப்பொழுதுபோக்குக்கெனத் தனிப் பார்வையிடங்களை அமைத்துள்ள மான்செஸ்டர் போன்ற நிலையங்களின் சுதந்திரத்தை இந்தியாவில் எதிர்பார்க்கலாகாது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி, அரசு விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படமெடுப்பதைக் கட்டுப்படுத்துவது. ஆகவே இவ்வியலில் கூறப்பட்டவை அனைத்தும் வேலிக்கு வெளியேயுள்ள பொது இடங்களுக்கே பொருந்தும். நிலைய வளாகம், மெட்ரோ, ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் அந்தந்த நிர்வாகத்தின் அனுமதி தேவை. பரங்கிமலையைச் சுற்றி இராணுவக் குடியிருப்பும் அதிகாரிகள் பயிற்சிக் கழகமும், தெற்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருப்பதால், அவற்றின் திசையில் லென்ஸைத் திருப்பாமலிருப்பதும், 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதை நினைவில் கொள்வதும் நன்று. மலையுச்சி ஒரு வழிபாட்டுத் தலமாதலின், அங்கே முக்காலி விரித்து வழிமறிப்பது முறையன்று.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுவதைக் கேட்கும் வானொலி ஏற்பிகள் பிரிட்டனில் நோக்கர்களிடம் சாதாரணமாகப் புழங்குபவை. இந்தியாவில் அவை கடுஞ்சிக்கலில் முடியக்கூடியவை. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு விடுதியில் தங்கி, விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரிட்டன் நோக்கர் இருவர் கைதுசெய்யப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னரே நாடு திரும்ப முடிந்தது. கிரீஸில் 2001 நவம்பரில் கலமாட்டா விமானப்படைத் தள நிகழ்ச்சியின்போது கைதான பிரிட்டன், நெதர்லாந்து நோக்கர்கள் 14 பேர் மறு ஆண்டு தண்டனை பெற்று, மேல்முறையீட்டில்தான் விடுவிக்கப்பட்டனர். இவர்களை ஐயத்துக்கு உள்ளாக்கியவற்றில் குறிப்பேடுகளும் அடங்கும் என்பதால், காவலர் வினவினால் பதற்றமின்றிக் குறிப்பேட்டையும் படங்களையும் காட்டி, கலைந்துசெல்லச் சொன்னால் வாதாடாமல் கலைவதே தக்கது. டிரோன் பறக்கவிடுவதும், லேசர் ஒளியை விமானத்தை நோக்கிக் காட்டுவதும் உயிராபத்து விளைவிப்பவை.

குறிப்பேடு

குறிப்பேட்டில் நாள், நேரம், பதிவெண், வகை, நிறுவனம் ஆகியவற்றோடு, பயன்பாட்டிலிருந்த ஓடுபாதை எண்ணையும் காற்றையும் நின்ற இடத்தையும் எழுதிவருபவர், ஓர் ஆண்டு சுற்றியதும் தமக்கேயுரிய காற்று நாட்காட்டி ஒன்றைப் பெற்றிருப்பார். கடற்காற்று எந்த மாதத்தில் எந்த நேரத்தையொட்டி நுழைகிறது என்பதை எந்த அச்சு நூலையும்விட அது துல்லியமாகச் சொல்லும். பதிவெண்ணை மட்டும் நம்பிப் பட்டியலிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குத்தகை முடிந்து ஒரு விமானம் வேறு நாட்டுக்குப் போகும்போது புதுப் பதிவெண் பெறுகிறது. பழைய எண் சில வேளைகளில் வேறொரு விமானத்துக்கு மறுபடி வழங்கப்படுகிறது. ஆலையில் இடப்படும் உற்பத்தி வரிசை எண்ணோ விமானத்தின் ஆயுள் முழுவதும் மாறாதது. எனவே வீடு திரும்பியதும் பொதுப் பதிவேடுகளில் அதைத் தேடி, பதிவெண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தால், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ புது வண்ணத்தில், புதுப் பெயரில் எதிர்ப்படும் விமானம் முன்பே மீனம்பாக்கத்தில் படமெடுக்கப்பட்டதுதானா என்பதை உடனே அறிந்துகொள்ளலாம்.